கொக்கி இடம் மாறிய கதை

கோல்ட் கம்பெனியின் பழைய கேப் (வெடிமூடி) ரிவால்வர்களை வரிசையாக வைத்துப் பார்க்கக் கிடைத்தால், பித்தளைப் பளபளப்பை ஒதுக்கிவிட்டு முதலில் குழலுக்கு அடியில் பாருங்கள். மருந்தையும் ஈயக்குண்டையும் உருளையின் அறைக்குள் கெட்டிக்கிற நெம்புகோல் அங்கேதான் மடங்கிக் கிடக்கிறது.

1836-ன் பேட்டர்சனில் முதலில் அது கிடையாது. மறுபடி நிரப்ப வேண்டுமானால் குழலையே கழற்ற வேண்டும். 1847-ல் வந்த வாக்கரில் நெம்புகோல் உண்டு. ஆனால் அதைப் பிடித்திருந்தது நுனியிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு வில்தகடு. இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்த ராட்சதத் துப்பாக்கி சுடும்போது உதைக்கிற உதையில் நெம்புகோல் தொங்கிவிடும். கெட்டிக்கும் தண்டு அறைக்குள் நுழைந்து உருளையைச் சுழலவிடாமல் மறிக்கும்.

மறு வருடமே வந்த ட்ராகூனில் நெம்புகோலைப் பிடிக்கும் கொக்கி அதன் நுனிக்குப் போய்விட்டது. குழலின் அடியில் அதற்கென ஒரு சின்ன முளை. கீலிலிருந்து எட்டப் பிடித்தால் சின்னப் பிடியே போதும் என்கிற கணக்கு! அடுத்தடுத்த ட்ராகூன்களில் உருளையின் நிறுத்தப் பள்ளங்களும் முட்டை வடிவத்திலிருந்து செவ்வகமாகின. உருளையை நிறுத்தும் தடுப்பு அவற்றில் நழுவாமல் உட்கார்ந்தது.

1851-ன் நேவி ரிவால்வரில் உருளையைச் சுற்றிப் பொறித்த கடற்போர்க் காட்சியை எல்லோரும் மெச்சுவார்கள். நான் அதன் பின்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பேன். கேப் மாட்டும் முனைகளுக்கு நடுவே கடுகளவு ஊசிகள். சுத்தியலின் மூக்கில் அவற்றுக்கேற்ற ஒரு வெட்டு. சுத்தியல் ஊசியில் அமர்ந்திருக்கும்வரை ஆறு அறைகளும் நிறைந்திருந்தாலும் பயமில்லை.

1860-ன் ஆர்மி மாடல்தான் உச்சம். நேவியின் சட்டகத்துக்குள்ளேயே .44 குண்டை அடக்க, உருளையின் முன்பாதியை மட்டும் பருமனாக்கி, சட்டகத்தில் ஒரு படி வெட்டினார்கள். வாக்கரின் குண்டு, ஏறக்குறைய 1.2 கிலோ எடையுள்ள துப்பாக்கியில்! நெம்புகோலுக்குப் பற்கள் முளைத்தன. குழலடியில் உள்ள துளைகளில் ஒவ்வொன்றாகப் பதிந்து, குண்டைச் சீராக உள்ளே இறக்கும்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. ரெமிங்டன்காரர்கள் உருளைக்கு மேலே ஓர் இரும்புப் பட்டையை ஓடவிட்டுச் சட்டகத்தை மூடினார்கள். கோல்டின் ஆர்மியும் நேவியும் மேலே திறந்தே கிடந்தன. 1873-ன் புது ராணுவ மாடலில் கோல்ட் அந்தப் பட்டையை ஏற்றபோது, உலோகத் தோட்டாக்களின் காலம் வந்திருந்தது. கெட்டிக்கும் நெம்புகோலுக்கே வேலை போய்விட்டது.