ஒருமனம் என்னும் சொல்

முதற்காலக் கிறித்தவ சபையின் ஒற்றுமையைப் போற்றுவோர், அப்போஸ்தலர் நடபடிகள் நூலின் நான்காம் அதிகாரத்தைக் காட்டி அவ்வளவில் நின்றுவிடுகின்றனர். விசுவாசிகள் உடைமையைப் பொதுவில் வைத்து, உள்ளம் ஒன்றி வாழ்ந்தனர் என்பது அங்குள்ள செய்தி. நூல் முழுமையும் கற்பார்க்கோ வேறோர் உண்மை புலப்படும்.

தமிழில் 'ஒருமனப்பட்டு' எனப் பெயர்க்கப்பெற்ற கிரேக்கச் சொல் 'ஹோமோதுமாதொன்' என்பது. புதிய ஏற்பாட்டில், ரோமர் நிருபத்தின் ஓரிடம் நீங்கலாக, அச்சொல் வருவதெல்லாம் இந்நூலிலேயே. சபையார் கூடிச் செபித்ததற்கு இதனை ஆளும் லூக்கா, ஸ்தேவானைக் கொல்லப் பாய்ந்த கூட்டத்திற்கும், எபேசு நகரின் அரங்கிற்குள் ஓடிய கலகக்காரர்க்கும் இதே சொல்லை ஆள்கிறார். எனவே மனம் ஒன்றுதல் மட்டும் அறமாகாது, கொலைஞரும் ஒருமனப்படுவர்.

அங்ஙனமாயின் சபையின் சிறப்பு யாது? ஆறாம் அதிகாரம் விடை கூறுகிறது. அன்றாடப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் புறக்கணிக்கப்படுவதாகக் கிரேக்கமொழி பேசிய யூதர் முறுமுறுத்தனர். அப்போஸ்தலர் அவர்களை அடக்கவில்லை. சபையாரையே எழுவரைத் தெரிந்தெடுக்கச் செய்தனர். அவ்வெழுவர் பெயரும் கிரேக்கப் பெயர்களே என்பது நோக்கத்தக்கது. குறையுற்ற பக்கத்தாரிடமே பங்கீட்டுப் பொறுப்பு சென்றது என்று கருத இடமுண்டு.

கி.பி. 49ஆம் ஆண்டளவில் நிகழ்ந்ததாகப் பலர் கருதும் எருசலேம் சங்கமும் இத்தகையதே. புறவினத்தார் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்ற வினாவின்மேல் மிகுந்த தர்க்கம் எழுந்தது. அது முடிந்து, முடிவைத் தெரிவிக்கும் கடிதத்திலேதான் 'ஒருமனப்பட்டு' என்ற சொல் மீண்டும் வருகிறது.

லூக்காவிடம் குறையும் உண்டு. அந்தியோகியாவில், புறவினத்தாரோடு உண்பதினின்று பேதுரு விலகியபோது பவுல் நேருக்கு நேர் எதிர்த்தார். இதனைக் கலாத்தியர் நிருபம் கூறுகிறது, லூக்கா கூறவில்லை. ஆயினும், மாற்கின் பொருட்டுப் பவுலும் பர்னபாவும் பிரிந்ததை அவர் மறைத்தாரல்லர்.

மாணவர் அனைவரும் வாய்மூடி இருப்பதே நல்ல வகுப்பு என்று ஆசிரியராகிய நாம் கொள்வதில்லை. நான்காம் அதிகாரத்தை மட்டும் ஓதி முறுமுறுப்போரைச் சபையின் பகைவராக்குவார், ஆறாம் அதிகாரத்தையும் ஒருமுறை ஓதுவாராக.