மதிப்பெண்ணும் மதிப்பீடும்: தமிழ்த் திரைப்பட விமர்சனத்தின் அளவுகோல்கள்

ஆய்வுச்சுருக்கம்

திரைப்படத்தைப் பார்த்தவர் தம் கருத்தை எண்ணாகவோ விண்மீன் குறியாகவோ வெளியிடும் வழக்கம் இன்று பரவலாகியுள்ளது. அவ்வெண் எதனை அளக்கிறது என்பது ஆராயப்பட வேண்டிய வினா. தமிழ் மரபு கூறும் மூன்று மதிப்பீட்டுக் கதைகளைக் கருவியாகக் கொண்டு, இதழ் வழங்கும் மதிப்பெண், பார்வையாளர் அளிக்கும் தரமதிப்பீடு, காரணம் கூறும் விமர்சனம் ஆகிய மூன்றையும் இக்கட்டுரை வேறுபடுத்துகிறது. மெய்யழகன் (2024) திரைப்படத்தின் நீளம் குறித்து எழுந்த குறைகூறலைச் சான்றாகக் கொண்டு, எண் மறைத்துவிடும் வேறுபாடுகளை நன்னூல் கூறும் குற்றங்களின் துணையுடன் மீட்டெடுக்க முயல்கிறது.

திறவுச்சொற்கள்: திரைப்பட விமர்சனம், மதிப்பெண், காரணிகன், மெய்ப்பாடு, நன்னூல், மெய்யழகன்

முன்னுரை

ஒரு படைப்பைக் குறித்து ‘நன்று’ என்றோ ‘தீது’ என்றோ கூறுவது தீர்ப்பு. ஏன் நன்று, எவ்விடத்தில் தீது என்று காட்டுவது திறனாய்வு. இவ்விரண்டும் எழுத்தில் பெரும்பாலும் இணைந்தே வருவதால் ஒன்றெனக் கருதப்படுகின்றன. திரைப்படத் துறையில் இவை தெளிவாகப் பிரிந்துவிட்டன. படம் வெளியான சில மணி நேரத்திற்குள் 5-க்கு 2.5 என்றோ 10-க்கு 7.8 என்றோ எண் வந்துவிடுகிறது. காரணம் பின்னர் வரலாம், வராமலும் போகலாம். எண்ணையே கருத்தாகக் கொள்ளும் நிலை உருவான பின், திறனாய்வாளரின் பணி யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

மதிப்பீட்டின் மூன்று மாதிரிகள்

நூல்களை மதிப்பிடுதல் பற்றித் தமிழில் வழங்கும் கதைகளுள் மூன்று இங்கு நோக்கத்தக்கவை. அவற்றை வரலாற்றுச் செய்திகளாக அன்றி, மதிப்பீடு குறித்த சிந்தனை மாதிரிகளாகவே இக்கட்டுரை கொள்கிறது.

முதலாவது, திருவிளையாடற் புராணம் கூறும் சங்கப்பலகை. தகுதியுடையோர்க்கு அது இடம் தரும், தகுதியற்றோர்க்குத் தராது. அதன் தீர்ப்பு உறுதியானது. ஆனால் பலகை காரணம் கூறுவதில்லை.

இரண்டாவது, இறையனார் களவியல் உரை கூறும் உருத்திரசன்மன் கதை. இறையனார் அகப்பொருளுக்குப் புலவர் பலரும் உரை கண்டபோது, எது மெய்யுரை எனத் துணிய ஒரு காரணிகன் தேவைப்பட்டான். ஐந்து வயதுடைய, பேச இயலாத சிறுவன் அப்பணிக்கு அமர்த்தப்பட்டான். மருதன் இளநாகனார் உரையைக் கேட்டபோது சிற்சில இடங்களிலும், நக்கீரர் உரையைக் கேட்டபோது சொல்தோறும் அவன் கண்ணீர் வார்த்து மெய்ம்மயிர் சிலிர்த்தான் என்பது கதை. இங்குத் தீர்ப்பு, கேட்பவனின் உடலில் தோன்றும் மெய்ப்பாடாக வெளிப்படுகிறது.

மூன்றாவது, தருமிக்குக் கிடைத்த பாடலில் நக்கீரர் குற்றம் கண்ட கதை. பாடலை இயற்றியவர் யார் என அறிந்த பின்னும் நக்கீரர் தம் கருத்தை விடவில்லை. அவர் சுட்டியது பொருட்குற்றம். மகளிர் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்ற வினாவாக அதனை முன்வைத்தார். எனவே அது மறுக்கத்தக்கது, விவாதிக்கத்தக்கது. பலகையோடும் கண்ணீரோடும் எவரும் வாதிட இயலாது. காரணத்தோடு வாதிட இயலும். இன்றைய திரைப்பட மதிப்பீட்டு முறைகளை இம்மூன்றின் வழியே வகைப்படுத்தலாம்.

பலகை: இதழ் மதிப்பெண்

தமிழ் வாசகர் நினைவில் நிலைத்த திரைப்பட மதிப்பெண், ஆனந்த விகடன் 100-க்கு வழங்கிய மதிப்பெண்ணாகும். 1977-இல் வெளியான பாரதிராஜாவின் 16 வயதினிலே பெற்ற 62.5 அவ்வரிசையின் உச்சம் எனப் பரவலாகச் சுட்டப்படுகிறது. விமர்சனத்தின் சொற்களை மறந்தவரும் அவ்வெண்ணை நினைவில் வைத்திருக்கின்றனர்.

இவ்வெண்ணின் ஆற்றல் எங்கிருந்து வந்தது? 100-க்கு மதிப்பெண் இடுவது பள்ளித் தேர்வின் வழக்கம். 35 தேர்ச்சி, 60 முதல் வகுப்பு என்ற வாய்பாடு தமிழக வாசகருக்கு விளக்கமின்றியே தெரியும். 40-களில் நிற்கும் படம் ‘தேறியது’. 60-ஐத் தொட்ட படம் ‘முதல் வகுப்பு’. ஆசிரியர் விடைத்தாள் திருத்துவது போன்ற பாவனை அவ்வெண்ணுக்கு அதிகாரத்தை அளித்தது. மேலும், தனியொருவர் பெயரிலன்றி விமர்சனக் குழுவின் பெயரால் வந்தமையால், அது ஒருவரின் சுவையாக அன்றி ஒரு நிறுவனத்தின் தீர்ப்பாக ஏற்கப்பட்டது.

இதன் வலிமை தொடர்ச்சியில் இருந்தது. ஒரே இதழ் பல்லாண்டுகள் ஒரே அளவுகோலைக் கையாண்டதால் 43 என்பதற்கும் 50 என்பதற்கும் இடையிலான தொலைவை வாசகர் உணர முடிந்தது. எளிதில் 60-ஐத் தாண்டாத சிக்கனமே அவ்வெண்ணின் மதிப்பாயிற்று. ஆனால் 62.5-இல் நடிப்புக்கு எவ்வளவு, புறப்படப்பிடிப்புக்கு எவ்வளவு, கதைக்கு எவ்வளவு என்பதை எண்ணிலிருந்து அறிய இயலாது. பலகை இடம் தந்தது என்பது மட்டுமே புலப்படும்.

இவ்விடத்தில் ஏ.பி. நாகராசன் இயக்கிய திருவிளையாடல் (1965) படத்தின் தருமி நினைவுக்குரியவர். பாட்டில் குற்றம் உண்டென்றால் அதற்கேற்பப் பரிசைக் குறைத்துக்கொண்டு மீதியைத் தரும்படி நாகேஷின் தருமி கேட்கிறார். அவை சிரிக்கும் அக்காட்சியில் ஒரு கோட்பாடு உள்ளது. குற்றங்கள் ஒரே அலகால் அளக்கத்தக்கவை, கூட்டிக் கழிக்கத்தக்கவை என்பதே அது. மதிப்பெண் முறை முழுவதும் தருமியின் இக்கணக்கின் மீதே நிற்கிறது. நக்கீரரின் நோக்கில் ஒரு பொருட்குற்றம் கழித்தலுக்குரிய சிறு தொகையன்று. பாடலின் அடிப்படையைத் தொடுவது.

மெய்ப்பாடு: பார்வையாளர் தரமதிப்பீடு

படத்திற்கு விண்மீன் இடும் வழக்கம் அமெரிக்க நாளிதழான நியூயார்க் டெய்லி நியூஸில் 1928-இல் தொடங்கியதாகக் கூறுவர். பின்னர் அவ்வதிகாரம் விமர்சகரிடமிருந்து பார்வையாளர் கைக்கு மாறியது. ஐஎம்டிபி தளத்தில் பதிவு செய்த எவரும் 1 முதல் 10 வரை மதிப்பிடலாம். ராட்டன் டொமேட்டோஸ் விமர்சகர்களின் கருத்துகளைச் சாதகம், பாதகம் எனப் பிரித்துச் சாதகமானவற்றின் விழுக்காட்டை வெளியிடுகிறது. மெட்டாகிரிட்டிக் விமர்சகர் மதிப்பெண்களின் எடையிட்ட சராசரியைத் தருகிறது. மூன்றும் 100-க்கோ 10-க்கோ ஓர் எண்ணைக் காட்டினாலும் அவை அளப்பன வெவ்வேறு.

ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும். ‘அ’ என்னும் படத்திற்குப் பத்து விமர்சகரும் 5-க்கு 3 தருகின்றனர் எனக் கொள்வோம். ‘ஆ’ என்னும் படத்திற்கு அறுவர் 5-ம் நால்வர் 1-ம் தருகின்றனர். சராசரி முறையில் ‘அ’ 60-ம் ‘ஆ’ 68-ம் பெறும். 3-ஐச் சாதகமாகக் கொள்ளும் விழுக்காட்டு முறையில் ‘அ’ 100-ம் ‘ஆ’ 60-ம் பெறும். ஒரு முறையில் ‘ஆ’ சிறந்தது. மறு முறையில் ‘அ’ சிறந்தது. எவரையும் புண்படுத்தாத நடுத்தரப் படத்தை விழுக்காட்டு முறை உயர்த்துகிறது. பார்வையாளரைப் பிளக்கும் துணிச்சலான படத்தின் பிளவை இரண்டு முறைகளுமே ஓர் எண்ணுக்குள் கரைத்துவிடுகின்றன. அப்பிளவே அப்படத்தின் முதன்மைச் செய்தியாகவும் இருக்கக்கூடும்.

பார்வையாளர் மதிப்பீட்டை இழிவாகக் கருத வேண்டியதில்லை. உருத்திரசன்மனின் கதை, உணர்ச்சியையும் சான்றாக ஏற்ற மரபைக் காட்டுகிறது. ஆயினும் அக்கதை விதிக்கும் நிபந்தனைகள் கடுமையானவை. காரணிகன் எந்தப் புலவரின் சார்பினனும் அல்லன். உரைகளைக் கேட்ட பின்னரே அவன் மெய்ப்பாடு வெளிப்படுகிறது. அவனால் பேச இயலாது. எனவே பிறர் விரும்பும் சொல்லை அவன் வாயிலிருந்து பெறவும் இயலாது. இன்றைய முதல் நாள் முதல் காட்சியின் வாயிலில் நீட்டப்படும் ஒலிவாங்கி, இம்மூன்றையும் தலைகீழாக்குகிறது. அங்கு நிற்பவர் பெரும்பாலும் நடிகரின் அன்பர் அல்லது எதிரணியினர். உணர்ச்சி அடங்கும் முன்பே அதனைச் சொல்லாக்கும்படி கேட்கப்படுகிறார். கேட்பவர் எதிர்பார்க்கும் சொல் எது என்பதையும் அவர் அறிவார். கிடைப்பது மெய்ப்பாடன்று, மெய்ப்பாட்டின் நடிப்பு.

காரணம்: ‘தொய்வு’ என்னும் சொல்லும் நன்னூலும்

தமிழ்த் திரைப்பட விமர்சனத்தின் கலைச்சொல் தொகுதி குறுகியது. ‘இரண்டாம் பாதியில் தொய்வு’, ‘நீளத்தைக் குறைத்திருக்கலாம்’, ‘ஒருமுறை பார்க்கலாம்’ ஆகிய தொடர்கள் பல்வேறு குறைகளுக்கும் பொதுவாக வழங்குகின்றன. நன்னூல்ப் பொதுப்பாயிரம் நூலுக்குரிய குற்றங்களாகப் பத்தினைப் பிரித்துக் கூறுவது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் ஆகிய நான்கையும் இன்றைய விமர்சகர் ‘தொய்வு’ என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறார். இலக்கண நூலாசிரியருக்கு அவை நான்கு குற்றங்கள். நான்கும் வெவ்வேறு திருத்தங்களை வேண்டுபவை.

2024 செப்டம்பரில் வெளியான ச. பிரேம்குமாரின் மெய்யழகன் இதற்குத் தக்க சான்று. படம் நீளமானது என்ற கருத்து எழுந்ததையடுத்து, வெளியான சில நாள்களுக்குள் ஏறத்தாழ 18 நிமிடக் காட்சிகள் நீக்கப்பட்டன. பார்வையாளர் கருத்து படைப்பின் உடலையே மாற்றிய நிகழ்வு இது. எனவே ‘நீளம்’ என்ற சொல் எக்குற்றத்தைக் குறித்தது என்று கேட்பது அவசியமாகிறது.

பூர்வீக வீட்டை இழந்து தஞ்சையைவிட்டு வெளியேறிய அருள்மொழி, 22 ஆண்டுகளுக்குப் பின் ஓர் உறவுத் திருமணத்திற்காக நீடாமங்கலம் வருகிறான். அங்கு ‘அத்தான்’ என்று அழைத்து அன்பைப் பொழியும் ஒருவனின் பெயர் அவனுக்கு நினைவில் இல்லை. கேட்கவும் கூச்சம். ஓர் இரவு முழுதும் அப்பெயரின்றியே உறவு வளர்கிறது. படத்தின் அடிப்படைச் சிக்கல் மறதி. அதன் கருவி காலம். பெயர் தெரியாமையின் கூச்சம் குற்றவுணர்வாக முதிர்வதற்கு நேரம் தேவை. மணமேடையில் தங்கைக்கு அருள்மொழி நகை அணிவிக்கும் காட்சி நீள்வதும் இவ்வகையே. இவற்றை மிகைபடக் கூறல் எனல் பொருந்தாது. இங்கு நீளமே பொருள்.

இரவு உரையாடலின் பின்பகுதி வேறு வகையினது. பேச்சு கரிகாலன் காலத்துப் போருக்குச் செல்கிறது. ஈழப்போர், தூத்துக்குடித் துப்பாக்கிச் சூடு என விரிகிறது. இவற்றுள்ளும் வேறுபாடு காணல் வேண்டும். கரிகாலன் வென்ற வெண்ணிப் போர்க்களம் நீடாமங்கலத்தை அடுத்த கோயில்வெண்ணி எனக் கொள்ளப்படுகிறது. அம்மண்ணில் வாழும் ஒருவன் அப்போரை நினைப்பது அவன் பாத்திரத்திற்குள் அடங்கும். ஏனைய செய்திகள் அவற்றளவில் கனமானவை. ஆனால் அவை அருள்மொழியின் மறதியோடு இணைக்கப்படாமல், பாத்திரத்தின் வாய்வழி ஆசிரியர் பேசுவனவாக நிற்கின்றன. இது மற்றொன்று விரித்தல். இறுதியில் பெயர் நினைவுக்கு வரும் இடத்தில் படம் தன் தொடக்கச் சிக்கலுக்கே மீள்வதால், சென்று தேய்ந்து இறுதல் என்னும் குற்றம் இதற்கு இல்லை.

ஆகவே ‘நீளம்’ என்ற ஒரு குறைகூறலுக்குள் நீளமே பொருளான காட்சிகள், மண்ணோடு ஒட்டிய விரிவு, ஒட்டாத விரிவு என்ற மூன்று கலந்துள்ளன. முதலாவதைக் குறைத்தால் படம் நலியும்; மூன்றாவதைக் குறைத்தால் செறியும். ‘5-க்கு 3’ என்ற எண் இவ்விரண்டிற்கும் வேறுபாடு காட்டாது. நிமிடக் கணக்கிலான வெட்டும் அவ்வெண்ணின் மொழியிலேயே அளிக்கப்பட்ட விடையாகும்.

நீதிமன்றத்தில் விமர்சனம்

மதிப்பீட்டின் வேகம் வணிக இழப்பாக உணரப்பட்டபோது சிக்கல் நீதிமன்றத்தை அடைந்தது. கேரள உயர்நீதிமன்றத்தில் 2023-இல் இத்தகைய வழக்கு எழுந்தது. அவ்வழக்கில் நீதிமன்றத்திற்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர், படம் வெளியான முதல் 48 மணி நேரம் விமர்சனத்தைத் தவிர்க்குமாறு பரிந்துரைத்தார். தமிழகத்தில் தயாரிப்பாளர் சங்கமொன்று, முதல் மூன்று நாள்களுக்கு இணைய விமர்சனங்களுக்குத் தடை கோரியது. 2024 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், விமர்சனம் கருத்துரிமையின்பாற்பட்டது எனக் கொண்டு இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது.

தீர்ப்பின் திசை சரியானதே. ஆயினும் வழக்கின் இரு தரப்பும் பேசியது காலத்தைப் பற்றி: எத்தனை மணி நேரம், எத்தனை நாள் என்பது. தாமதம் காரணத்தை உண்டாக்குவதில்லை. மூன்று நாள் கழித்து வெளியாகும் காரணமற்ற வசை, முதல் நாள் வசையைவிட மேலானதன்று. முதல் காட்சி முடிந்தவுடன் எழுதப்பட்டாலும், குற்றத்தை இடஞ்சுட்டிக் காட்டும் விமர்சனம் படைப்பாளிக்கும் பயன்படும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, இதழ் மதிப்பெண், பார்வையாளர் சராசரி, சாதக விழுக்காடு ஆகியவை ஒரே பொருளின் மூன்று அளவைகள் அல்ல. திரைப்பட வரவேற்பு குறித்த ஆய்வுகளில் இவற்றை ஒன்றுக்கொன்று ஈடாகச் சான்றுகாட்டுதல் பிழையாகும். எண்ணை மேற்கோள் காட்டும் ஆய்வாளர், அதனைத் தந்தவர் யார், எம்முறையால் பெறப்பட்டது என்பனவற்றையும் உடன் கூறுதல் வேண்டும்.

இரண்டாவதாக, எண்ணைப் பயன்படுத்தியே கருத்து வேறுபாட்டைக் காக்கவும் இயலும். பிரெஞ்சு இதழான காயே து சினிமா 1955 முதல் பத்து விமர்சகர்களின் விண்மீன்களை ஒரே அட்டவணையில் அருகருகே அச்சிட்டது. யார் எதனை ஏற்றார், யார் மறுத்தார் என்பது சராசரியில் கரையாமல் நின்றது. தமிழ் இதழ்கள் கைக்கொள்ளத்தக்க முறை இது.

மூன்றாவதாக, திரைப்பட விமர்சனத்திற்குரிய கலைச்சொற்களைத் தமிழின் நூலாய்வு மரபிலிருந்து பெற வாய்ப்புண்டு. நன்னூலின் பத்துக் குற்றங்களும் பத்து அழகுகளும் எழுத்துநூலுக்கு வகுக்கப்பட்டவை. அவற்றை அப்படியே காட்சிக் கலைக்குப் பொருத்த இயலாது. ஒளியமைப்புக்கும் ஒலிக்கும் படத்தொகுப்புக்கும் அவற்றில் விடையில்லை. எனினும் ஒரு குறையை மற்றொரு குறையிலிருந்து பிரித்தறியும் பயிற்சியை அவை தருகின்றன. ஊடகத் தமிழ் பயிற்றும் துறைகளில், மாணவர் அண்மையில் பார்த்த படமொன்றை மதிப்பெண் இடாமல், குற்றங்களையும் அழகுகளையும் காட்சிச் சான்றுடன் பிரித்தெழுதும் பயிற்சியை இணைக்கலாம்.

களவியல் உரை நடுவனைக் ‘காரணிகன்’ என்றே குறிக்கிறது. காரணம் என்னும் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் அது. பேச இயலாத சிறுவனிடம் காரணத்தை எவரும் கேட்கவில்லை, கேட்கவும் இயலாது. பேச வல்ல நாம் விண்மீன்களை மட்டும் எண்ணிவிட்டு அமைவதற்கு அத்தகைய விலக்கு இல்லை.