கல்லில் ஓர் இருக்கை

ரமணாசிரமத்துக்குப் போகிறவர்கள் பழைய ஹாலில் கொஞ்ச நேரம் கண்மூடி உட்கார்வார்கள், சமாதியை வலம் வருவார்கள், மயில்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். மாத்ருபூதேஸ்வரர் சந்நிதிக்கு முன்னுள்ள புது ஹாலில் ஒரே கல்லில் செதுக்கிய சோபா ஒன்று இருக்கிறது. அதை வேலைப்பாட்டுக்காக நின்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு. வீட்டில் மார்பிள் மேஜையோ கல் பெஞ்சோ போட நினைப்பவர்கள் கடைக்குப் போகுமுன் ஒருதரம் இதைப் பார்த்துவிட வேண்டும் என்பேன்.

ரமணரின் தாயார் அழகம்மாள் 1922-ல் மறைந்தார். அவருடைய சமாதி மேல் எழுந்த மாத்ருபூதேஸ்வரர் கோயிலை வைத்தியநாத ஸ்தபதி கட்டினார்; 1949 மார்ச் 17-ல் கும்பாபிஷேகம் நடந்தது. அந்தக் கோயிலோடு சேர்ந்து வந்ததுதான் இந்த ஹாலும் கல் இருக்கையும். இருபது ஆண்டுகளுக்கு மேல் பழைய ஹாலில் மர சோபாவில் இருந்தவர் ரமணர். கல் இருக்கையில் அவர் அமர்ந்தது கொஞ்ச காலம்தான். 1950 ஏப்ரல் 14-ல் மறைந்துவிட்டார்.

அந்தக் கல்லின் கறுப்பைப் பாருங்கள். அது பூசிய நிறமில்லை. உளி பட்ட கருங்கல் வெளிறிச் சாம்பல் பூத்துத்தான் இருக்கும்; பொளிந்த முகத்தில் ஆயிரம் சிறு குழிகள், அவற்றில் வெளிச்சம் சிதறுகிறது. கரகரப்பான கல்லில் தொடங்கி, வரவர நைசான கல்லால் தண்ணீர் விட்டுத் தேய்க்கத் தேய்க்க, குழிகள் அடைபடாமல் தேய்ந்தே மறைகின்றன. அப்போதுதான் உள்ளே இருந்த கறுப்பு மேலே வருகிறது. தட்டையான இடத்தில் இது பொறுமைக்கான வேலை. உள்மூலையில் கை ஓட இடமில்லை. அங்கேதான் கைப்பழக்கம் தெரியும். கல் சாமான் எதை வாங்கினாலும் நான் முதலில் விரல் வைத்துப் பார்ப்பது மூலையைத்தான். மேற்பரப்பை மெஷின் பளபளப்பாக்கிவிடும், மூலையை மனிதன்தான் முடித்தாக வேண்டும்.

அதே ஆசிரமத்தில் வெள்ளை மார்பிளும் உண்டு. ரமணரின் சமாதி மேல், லிங்கத்தைத் தாங்கும் தாமரை வெண்பளிங்கு. 1967 ஜூனில் அங்கே கும்பாபிஷேகம் நடந்தது. சுற்றிலும் கருங்கல் தூண்கள், நடுவே அந்த ஒரே வெள்ளை. மார்பிளை எவ்வளவு வைப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் தெரியவில்லை. மெருகிட்ட கருங்கல் வெளிச்சத்தைக் கண்ணாடிபோல் திருப்பியடிக்கும். மார்பிளோ ஒளியைக் கொஞ்சம் உள்ளே வாங்கிக்கொண்டு வெளியே விடும், அதனால்தான் அதற்கு அந்தச் சதைப்பிடிப்பான மென்மை. ஹால் முழுக்க மார்பிளைப் பரப்பினால் அந்த மென்மை கண்ணுக்குப் படாமலே போய்விடும்.

நம் வீட்டுக்கு வருவோம். மார்பிள் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். புளி, எலுமிச்சை, தயிர், தக்காளி எல்லாமே அதை அரிக்கும். ரசம் சிந்திய இடத்தில் விழும் மங்கல் வட்டம் கறையே இல்லை, கல்லே தின்னப்பட்ட தழும்பு. சீலர் அடித்தால் எண்ணெய் ஊறுவது குறையும். இந்த அரிப்பு நிற்காது. ஆகவே புளி புழங்கும் வீட்டில் வெள்ளை மார்பிள் சாப்பாட்டு மேஜை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அங்கே மெருகிட்ட கருங்கல் போடுங்கள். திண்டிவனம் பக்கத்துக் குன்னம் கறுப்பு உலகெங்கும் போகிறது, நமக்கு அது பக்கத்து ஊர்க் கல். பூஜை அறையில் வெள்ளை மண்டபம் வைப்பதும் இப்போது பரவலாகிவிட்டது. விளக்கின் எண்ணெயும் குங்குமமும் சேர்ந்தால் அது சீக்கிரமே பழுப்பேறும். விளக்கின் கீழ் ஒரு பித்தளைத் தாம்பாளம் கட்டாயம் இருக்கட்டும்.

மார்பிளுக்கு ஏற்ற இடம் சன்னல் ஓரம். பக்கவாட்டில் வெயில் தொடும் ஒரு சிறு மேஜை, அதன் மேல் பூச்சாடியோ புத்தகமோ, அவ்வளவு போதும். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் பழைய மார்பிள் மேஜைகளில் கல்லை மரச்சட்டத்துக்குள் இறக்கியிருப்பார்கள். மார்பிள் முதலில் உடைவது விளிம்பில். அந்த விளிம்பை மரம் வாங்கிக்கொள்கிறது. கால்களும் மரம்தான். எளிமையான யோசனை, ஆனால் இன்றைய ஷோரூம் மேஜைகள் பலவற்றில் இது இல்லை, கூர்விளிம்போடு நிற்கின்றன.

எடையையும் கணக்கில் எடுங்கள். ஆறடிக்கு மூன்றடி, 20 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு பலகையே ஏறத்தாழ 90 கிலோ வரும். வைத்த இடத்தில் அது இருக்கும், மாதத்துக்கு ஒருமுறை ஹாலை மாற்றி அடுக்குகிறவர்களுக்கு ஆகாது. வாங்குமுன் அந்த இடத்தில் ஒரு மர ஸ்டூலைப் போட்டுக் காலையிலும் சாயங்காலத்திலும் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பாருங்கள். பிறகு கல்லை முழு ஸ்லாபாகவே பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கையளவு சாம்பிளில் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாது.