நத்தை வளர்ப்பும் முட்டைகளின் பொறுப்பும்

நாயோ பூனையோ வளர்ப்பதற்கு இடமும் பொருளும் அவகாசமும் வாய்க்காத குடும்பங்களில், ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் நாலங்குல ஈரமண்ணும் நாள்தோறும் ஒரு துண்டு வெள்ளரிக்காயும் இருந்தாலே நடத்திவிடக்கூடிய நத்தை வளர்ப்பு, குழந்தைகளின் மனத்தைக் கவர்வதில் வியப்பில்லை. கெடா மாநிலத்து ஜெராய் மலையடிவாரத்தில் ரப்பரும் செம்பனையும் சூழ அமைந்த குருண் போன்ற ஊரில், தோட்டத்து லயங்களில் இருந்தாலும் தாமான் வீடுகளில் இருந்தாலும், ஒரு மழை பெய்து ஓய்ந்ததும் வாழையடியிலும் மதிற்சுவரிலும் பெரிய நத்தைகள் தாமாகவே வந்து சேர்கின்றன. மலாய்க்காரர் சிப்புட் பாபி என்று கூறும் ஆப்பிரிக்கப் பெருநத்தைதான் அது. அதை எடுத்து வளர்ப்பதில் தவறில்லை என்பதும், அது முட்டையிட்டபின் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்காமல் வளர்க்கத் தொடங்குவதே தவறு என்பதும் என் அபிப்பிராயம்.

முதலில் இவ்வழக்கத்தின் குணத்தைக் கூறுவது நியாயமாகும். இனவிருத்தியின் முழு வட்டத்தையும் ஒரு வருஷத்துக்குள், வீட்டு மேசையின்மேல், அருவருப்போ ஆபாசமோ சிறிதுமின்றி ஒரு பிள்ளை கண்டறியத்தக்க பிராணிகள் அதிகமில்லை. இந்த நத்தை ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணும் ஆகும். இளமையில் ஆண்தன்மையே முதலில் முதிர்ந்து, உடல் பருத்தபின் பெண்தன்மையும் சேர்ந்துகொள்கிறது. இரவில் பல மணி நேரம் நீடிக்கும் சேர்க்கைக்குப் பின், இரண்டுமே முட்டையிடும் தகுதி பெறலாம். நாள் நெருங்கியதும் நத்தை ஈரமண்ணைத் தலையாலும் பாதத்தாலும் விலக்கி, ஓட்டின் பின்புறம் மட்டும் வெளியே தெரியும்படி தன்னைப் புதைத்துக்கொள்கிறது; தலைக்குச் சற்றுப் பின்னால் வலப்பக்கத்திலுள்ள துவாரத்தின் வழியாக, மிளகைவிடச் சற்றே பருத்த, வெளிர்மஞ்சள் சாயலுடைய முட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்து குழியில் குவிகின்றன. பெட்டியின் தெளிந்த பக்கத்தை ஒட்டி அது குழி தோண்டிய நாளில், பெட்டிக்கு வெளியிலிருந்தே அந்தக் குவியல் வளர்வதைப் பார்க்கலாம். முட்டைகளை மண்ணால் மூடிவிட்டுத் தாய் அகன்றுவிடுகிறது. பின்னர் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒன்றிரண்டு வாரங்களில் வெளிவரும் குஞ்சுகள் முதலில் தங்கள் முட்டையோட்டைத் தின்கின்றன. சில வேளைகளில் அருகில் இன்னும் பொரியாதிருக்கும் முட்டைகளையும் தின்றுவிடுகின்றன. சில நாட்கள் மண்ணுக்குள்ளேயே இருந்துவிட்டு மேலே வருகின்றன.

முட்டையோட்டுக்கும் தாயின் ஓட்டுக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்து ஒரே உடலிலிருந்து வரவேண்டியிருப்பதால், கணவாய் ஓட்டையோ கோழிமுட்டை ஓட்டின் தூளையோ எப்போதும் பெட்டியில் வைத்திருக்க வேண்டும். அடுத்தடுத்து முட்டையிடும் நத்தை மெலிந்து, ஓட்டின் விளிம்பும் மென்மையடைவதைக் காண்கிற பிள்ளைக்கு, தாய்மையின் செலவு இன்னதென்று பாடப்புத்தகத்தின் உதவியின்றியே விளங்கிவிடுகிறது. இது சிறிய பயனன்று.

இனிக் குற்றத்தைப் பார்ப்போம். ஒருமுறை இடும் முட்டைகள் நூறு முதல் நானூறு வரை ஆகலாம். அதுவும் வருஷத்தில் பலமுறை. ஐந்தாறு மாதங்களில் அந்தக் குஞ்சுகளும் முட்டையிடும் பருவத்தை அடைகின்றன. ஒன்றை மட்டும் தனியே வளர்த்தால் அபாயமில்லை என்று நினைப்போரும் ஏமாற்றமடைவர். ஏனெனில் ஒரு சேர்க்கையில் பெற்ற வித்தை இந்த நத்தை ஒரு வருஷத்துக்கு மேலும் உடலுக்குள் காத்துவைக்க வல்லது. தோட்டத்தில் பொறுக்கி வந்த முதிர்ந்த நத்தை எதுவாயினும் அது ஏற்கெனவே சினைப்பட்டது என்று கொள்வதே விவேகம். இத்தனை குஞ்சுகளையும் வைத்துக் காப்பாற்ற எந்த வீட்டிலும் முடியாது. ஆகவே, தின்னத் தெரியாதவர்களும் கொல்ல மனமில்லாதவர்களும் கடைசியில் செய்வது ஒன்றுதான்: வேலிக்கு அப்பால் விட்டுவிடுகிறார்கள்.

இந்த நத்தை நம் பக்கத்து நாடுகளில் பரவிய வரலாறே அப்படி விட்டுவிட்டதன் வரலாறுதான். கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவரும் நத்தையியலில் பெரும் பற்றுடையவருமான வில்லியம் பென்சன், மொரீஷியஸ் தீவிலிருந்து உயிருள்ள சில நத்தைகளை 1847இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவரிடமிருந்து அவற்றைப் பெற்ற நண்பர் தம் சௌரிங்கித் தோட்டத்தில் அவற்றை விட்டார். 1900ஆம் ஆண்டையொட்டி அந்த இனம் இலங்கைக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியிலேயே மலாயாவிலும் வேரூன்றி, ரப்பர்த் தோட்டங்களின் நாற்றுமேடைகளையும் மூடுபயிரையும், நம் முன்னோர் லயத்துக் கொல்லையில் போட்ட கீரையையும் தின்னத் தொடங்கியது. அமெரிக்காவின் மயாமி நகரில் நடந்தது இன்னும் தெளிவான உதாரணம். 1966இல் ஹவாயிலிருந்து ஒரு சிறுவன் ஆசையாகக் கொண்டுவந்த மூன்று நத்தைகளை அவனுடைய பாட்டி தோட்டத்தில் விட்டுவிட்டார்; சில ஆண்டுகளில் அவை பதினெண்ணாயிரத்தைத் தாண்டின. 1975 வரை பாடுபட்டு, பத்து லட்சம் டாலர் வரை செலவிட்ட பின்னரே அவற்றை ஒழிக்க முடிந்தது. அந்த மூதாட்டியிடம் குரூரம் ஏதும் இருந்திருக்கும் என்று நான் எண்ணவில்லை, கருணையால்தான் விட்டிருப்பார்.

ஆகவே, முட்டைகளை இட்ட அன்றே எடுத்து, பையில் கட்டி, குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் இரண்டு மூன்று நாள் வைத்து, அதன்பின் குப்பையில் சேர்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். இது ஜீவகாருண்யத்துக்கு விரோதம் என்று ஆட்சேபிக்கிறவர்களை நான் மதிக்கிறேன். நம் வீடுகளில் அந்த உணர்ச்சி இன்னும் உயிரோடிருப்பது நல்லதே. ஆனால், புதிதாய் இட்ட முட்டையில் வேதனையை உணரத்தக்க உறுப்புகள் பெரும்பாலும் உருவாகியே இருப்பதில்லை; அதற்கு மாறாக, இருநூறு குஞ்சுகளைப் பொரிக்கவிட்டு, ஒரே பெட்டியில் நெருக்கி, உணவும் சுண்ணாம்பும் போதாமல் வளர்ச்சி குன்றி ஒவ்வொன்றாய்ச் சாகவிடுவதிலுள்ள வேதனை கண்கூடானது. பொரித்துத்தான் பார்க்கவேண்டும் என்ற ஆசையிருந்தால், ஐந்தாறு முட்டைகளை மட்டும் ஒதுக்கி வைத்துக்கொண்டு மற்றவற்றை உறையவைத்துவிடலாம். அவ்வாறு வீட்டில் பிறந்த குஞ்சுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் இளம்பருவம் எலியின் கழிவு மூலமாகக் காட்டு நத்தையின் உடலில் குடியேறி, அங்கிருந்து மனிதனை அடைந்து மூளையுறை அழற்சியை விளைவிக்கக்கூடும். எலிக்கு எட்டாத பெட்டியில், நன்றாகக் கழுவிய காய்கறி தின்று வளர்ந்த நத்தையிடம் அந்தப் பயம் மிகவும் குறைவு. எப்படியும் நத்தையைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கைகழுவுவது கட்டாயம்.

நத்தைகளைப் பிடித்துவைத்துப் பெருக்குவதே பிழையென்று நான் சொல்லாததற்குக் காரணமுண்டு. பிரெஞ்சுப் பொலினீசியாவில் ஆப்பிரிக்கப் பெருநத்தையை ஒழிக்கவென்று, பிற நத்தைகளை வேட்டையாடித் தின்னும் ஒரு நத்தையை 1977இல் மூரியா தீவில் விட்டார்கள். பத்தாண்டுகளுக்குள் அத்தீவுக்கே உரிய பார்ட்டுலா என்னும் சிறு மரநத்தைகள் காட்டிலிருந்து ஏறக்குறைய முற்றும் மறைந்தன. முட்டையிடாமல் குட்டியாக, பெரும்பாலும் ஒவ்வொன்றாக ஈனும் அந்த இனங்களில் சில, லண்டன் முதலிய மிருகக்காட்சிசாலைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றப்பட்டமையாலேயே, 2015 முதல் மீண்டும் தீவுகளில் விடப்பட்டு வருகின்றன. அந்த வளர்ப்பில் பிறப்புகள் ஒவ்வொன்றும் கணக்கில் எழுதப்பட்டன என்பதையும், விடுவதற்கு முன் அந்த நிலம் ஆராயப்பட்டது என்பதையும் மறக்கக்கூடாது.

கெடாவில் பெருநத்தையைவிடக் கவலைக்குரியது மீன் கடைகளில் கண்ணாடித்தொட்டிக்கென விற்கப்படும் நீர்நத்தைகளின் விஷயம். தென் அமெரிக்காவிலிருந்து உணவுக்கென்றும் அழகுக்கென்றும் 1980ஐ ஒட்டித் தைவானுக்குக் கொண்டுவரப்பட்டு, 1991இல் மலேசியாவிலும் கண்டறியப்பட்ட கோல்டன் ஆப்பிள் நத்தை, இளம் நெற்பயிரை அடியோடு அறுத்துத் தின்பது. அதற்கு ஆணும் பெண்ணும் வேறுவேறு. பெண் இரவில் நீரைவிட்டு மேலேறி, தொட்டியின் மூடியிலோ வயல் வாய்க்காலின் சுவரிலோ ரோஜா நிறக் கொத்தாக முட்டையிடுகிறது. அந்த முட்டையில் நரம்பைத் தாக்கும் நஞ்சு உண்டாதலால் பறவையும் எலியும் அதைத் தொடுவது அரிது. கடையில் விற்கும் மஞ்சள்நிற நத்தைகளில் இதனோடு நெருங்கிய, அவ்வளவு தீங்கில்லாத வேறு இனங்களும் உண்டு; ஆனால் சாதாரண மனிதர் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிவது கடினம். முடா நீர்ப்பாசனத் திட்டத்தின் வாய்க்கால்கள் யானிலும் கோத்தா ஸ்டாரிலும் வயல்களை இணைத்து ஓடுகிற மாநிலத்தில், தொட்டி நீரைக் கால்வாயில் கொட்டுகிற ஒருவர் தம் நத்தை எந்த இனமென்று அறியாதவரென்றால், அவர் நீர்நத்தை வளர்க்காமலிருப்பதே நல்லது என்று கூறத் தயங்கமாட்டேன். வளர்த்தே தீருவோர் மூடியில் கொத்தைக் கண்ட அன்றே சுரண்டியெடுத்து, மேற்சொன்னபடி உறையவைக்க வேண்டும்.

பெருநத்தை வளர்ப்போர் பெரும்பாலும் மறந்துவிடுவது மண்ணை. பெட்டியைச் சுத்தம் செய்யும்போது பழைய மண்ணை எரு என்று கருதி வாழையடியிலும் பப்பாளியடியிலும் கொட்டுவது நம் வீடுகளில் இயல்பான செயல். கண்ணில் படாத முட்டைகள் அந்த மண்ணோடே போய்விடுகின்றன. தமிழ்ப்பள்ளியின் அறிவியல் மூலையில் நத்தை வைக்கும் ஆசிரியர்களுக்கு நான் கூறுவதும் இதுவே: பெட்டியில் மண்ணின் ஆழத்தைக் குறைத்து வையுங்கள், வாரம் ஒருமுறை விரலால் கிளறிப் பாருங்கள், நீண்ட விடுமுறைக்கு முன் பெட்டி யார் வீட்டுக்குப் போகிறதென்று பேசி முடியுங்கள், வெளியே கொட்டுவதற்கு முன் அந்த மண்ணின்மேல் கொதிக்கக் கொதிக்கச் சுடுநீரை ஊற்றி ஒரு நாள் வையுங்கள்.