இரவல் வாய்

ரோம் நகரில் வியா லாத்தா என்ற சிறு தெருவில், சுவரோடு பதித்த நீரூற்றுச் சிலை ஒன்று இருக்கிறது. பீப்பாயை ஏந்திய ஒரு மனிதன். பீப்பாயிலிருந்து தண்ணீர் விழுகிறது. முகம் சிதைந்துவிட்டது. 1580 வாக்கில் செதுக்கப்பட்டவன். 1874இல் கோர்சோ வீதியிலிருந்து இங்கே மாற்றப்பட்டான். ஃபக்கீனோ என்று பெயர். சுமைகூலி என்று பொருள். ரோமின் 'பேசும் சிலைகள்' ஆறில் ஒருவன். அவர்களில் மூத்தவன் 1501இல் கர்தினால் கராஃபா நிறுத்திவைத்த பாஸ்குவினோ. போப்பையும் கர்தினால்களையும் ஏசும் செய்யுள்களை எழுதி இரவில் ஒட்டிவிட்டுப் போவார்கள். எழுதியவன் பெயர் இராது. பேசியது கல்.

நமக்கு உடனே காளமேகம் நினைவுக்கு வருவார். அது பொருத்தமில்லை. அவர் வசை அவர் பெயரோடு ஒட்டியது. பெயரை எடுத்துவிட்டால் பாதி பலம் போய்விடும். கல்லுக்குக் கிட்ட வருவது முக்கூடற்பள்ளுதான். ஆசிரியர் பெயர் தெரியாத நூல். களமும் நம் ஆற்றங்கரை: பீடிக்குப் பேர்போன முக்கூடல் அல்ல, சிற்றாறு தாமிரபரணியில் சேரும் சீவலப்பேரிப் பக்கம். திருமாலைக் கும்பிடும் மூத்த பள்ளியும் சிவனைக் கும்பிடும் மருதூர்ப் பள்ளியும் ஒருத்தி தெய்வத்தை மற்றவள் சந்திக்கு இழுக்கிறார்கள். ஒரு வைணவரோ சைவரோ சொந்தப் பெயரில் இதில் கால்வாசி எழுதியிருந்தாலும் கண்டன நூல் கிளம்பியிருக்கும். சக்களத்திச் சண்டை என்பதால் பண்டிதர்கள் ரசித்தார்கள்.

லத்தீனில் செய்யுள் செய்யத் தெரிந்தவன் பீப்பாய் சுமக்கப் போயிருக்க மாட்டான். சேற்றில் நாற்று நட்டவர்களும் பள்ளை எழுதியிருக்க மாட்டார்கள். இரண்டு இடத்திலும் வாய் இரவல்தான். ஆனால் ரோமில் அந்த வாய், உயிரோடு ஆசனத்திலிருந்த போப்பைச் சுட்டியது. பள்ளில் தெய்வத்தை ஏசலாம். பண்ணைக்காரன் வெறும் கோமாளி. கோமாளியானாலும் பள்ளனைத் தொழுவில் மாட்டும் அதிகாரம் அவனுக்கு ஒரு துளி குறையவில்லை. மூத்தவள் மன்றாடித்தான் புருஷனை மீட்கிறாள். கவிஞனுக்கு அதுவும் வேடிக்கை. தெய்வத்தைவிடப் பண்ணைக்காரனிடம் அவனுக்குப் பயம் அதிகம் என்றே நினைக்கிறேன்.

நெல் வகைகளையும் மீன் வகைகளையும் எண்ணிப் பாராட்டும் கட்டுரைகள் போதுமான அளவு வந்துவிட்டன. தொழுவைப் பற்றி யாரும் நின்று பேசுவதில்லை. காரணம், அந்த இரவல் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. வட்டாரப் பேச்சில் கூலியைப் பேசவைக்கிறோம். நமக்குப் பிடிக்காத அரசியல்வாதியை அவன் வாயால் ஏசுகிறோம். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நகைக்கடன் சீட்டெழுதும் என்னையோ, அவன் பேச்சைக் குறிப்பெடுத்துக் கதை பண்ணும் உங்களையோ அவன் ஏசுவதாக ஒரு வரி எழுதியிருக்கிறோமா? 1990களுக்குப் பிறகு தலித் எழுத்தாளர்கள் சொந்த வாயால் பேச வந்தபோது, இது இலக்கியமா என்று முதலில் கேட்டவர்கள் நம்மில் இருந்தார்கள். கல் பேசினால் ரசிப்போம். ஆள் பேசினால் இலக்கணம் கேட்போம்.