குழாயில் மெழுகு: ரசாயனத் தடுப்பின் பலமும் எல்லையும்

கச்சா எண்ணெயில் கரைந்திருக்கும் பாரஃபின் மெழுகு, சூடு குறையும்போது பிரிந்து வருகிறது. முதல் படிகங்கள் தோன்றுவது ஒரு வெப்பநிலையில். எண்ணெய் ஓட்டத்தையே இழப்பது அதற்கும் கீழே உள்ள ‘போர் பாயின்ட்’டில். மொத்த எண்ணெயில் 2 சதவீத அளவு மெழுகு படிகமானாலே போதும், படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு முழு எண்ணெயையும் கூழாக்கிவிடும். அப்படிக் கூழாகி நின்ற குழாயை மீண்டும் ஓடவைக்க, பம்பும் குழாயும் தாங்காத அழுத்தம் தேவைப்படலாம்.

இதைத் தடுக்க எண்ணெயில் கலக்கப்படுபவை பெரும்பாலும் பாலிமர்கள்: எத்திலீன் வினைல் அசிடேட், நீண்ட கிளைகள் கொண்ட அக்ரிலேட் வகைகள் போன்றவை. பாலிமரின் ஒரு பகுதி மெழுகு மூலக்கூறைப் போலவே இருப்பதால் படிகத்துக்குள் சேர்ந்துகொள்கிறது. மற்றப் பகுதி சேராமல் துருத்தி நின்று வளர்ச்சியைக் கெடுக்கிறது. அகன்ற தகடுகளாகப் பரவவேண்டிய மெழுகு, தனித்தனிச் சிறு உருண்டைகளாக எண்ணெயோடு ஓடுகிறது. மெழுகின் அளவு குறைவதில்லை, வடிவம்தான் மாறுகிறது. சில நூறு பிபிஎம் (பத்து லட்சத்தில் சில நூறு பங்கு) சேர்த்தாலே போர் பாயின்ட் பத்து டிகிரிக்கு மேல் இறங்குவதுண்டு.

இதன் அருமையை அசாம் அனுபவம் காட்டுகிறது. நாகர்கட்டியாவிலிருந்து குவாஹாட்டி வழியாகப் பரௌனி வரை 1,157 கிலோமீட்டர் செல்லும் குழாய் 1960-களின் முற்பகுதியில் ஓடத் தொடங்கியது. அந்த எண்ணெயின் போர் பாயின்ட் சுமார் 30 டிகிரி. குளிர்காலத்தில் மண்ணுக்குள் அதைவிட வெகுவாகக் குறைந்த வெப்பமே இருக்கும். எனவே குழாயின் தொடக்கப் பகுதியில் உள்ள துலியாஜானில் எண்ணெயை ஏறக்குறைய 95 டிகிரிக்குச் சூடாக்கி, மெழுகை முழுக்கக் கரைத்து, பிறகு படிப்படியாக 18 டிகிரி வரை குளிரவைத்தார்கள். கடைசிக் கட்டத்தில் எண்ணெய் அசையவே கூடாது. அசையாமல் மெதுவாகக் குளிர்ந்தால்தான் படிகங்கள் பலவீனமான பின்னலாக அமையும். சிறந்த பொறியியல்தான், ஆனால் பெரிய ஆலையும் ஏராளமான எரிபொருளும் கேட்டது. பின்னாளில் ரசாயனம் அந்த இடத்தைப் பிடித்ததில் வியப்பில்லை. ஒரு தொட்டி, ஒரு டோசிங் பம்ப். பருவத்துக்கேற்ப அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். ராஜஸ்தானின் மங்களா வயல் எண்ணெய்க்காக பார்மரிலிருந்து குஜராத் கடற்கரை வரை 600 கிலோமீட்டருக்கு மேல் குழாயையே சூடாக வைத்திருக்கும் ஏற்பாட்டோடு ஒப்பிட்டால், இந்த எளிமையின் மதிப்பு தெரியும்.

ஆனால் ரசாயன முறையைப் பயன்படுத்துவோர் செய்யும் பெரிய பிழை, இரண்டு நோய்களை ஒன்றாக எண்ணுவது. எண்ணெய் கூழாவது ஒன்று. குழாய்ச் சுவரில் மெழுகு படிவது வேறு. சுவர் எண்ணெயைவிடக் குளிர்ந்திருக்கும்போது, கரைந்த மெழுகு சுவரை நோக்கி நகர்ந்து அங்கே ஒட்டுகிறது. நடுவில் எண்ணெய் தாராளமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும். போர் பாயின்ட்டை நன்றாக இறக்கும் ரசாயனம் படிவைக் குறைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. படிவின் அளவைக் குறைத்தாலும் சில ரசாயனங்கள் எஞ்சிய படிவை இன்னும் கெட்டியாக்கிவிடுகின்றன. நாள்பட்ட படிவு தானாகவும் இறுகும். அப்போது குழாயைச் சுரண்டிச் செல்லும் ‘பிக்’ கருவிக்கு வேலை கடினமாகிறது, கருவியே சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. போர் பாயின்ட் சோதனை ஒன்றை மட்டும் வைத்து ரசாயனம் வாங்குவது ஆகவே தவறு. குளிரூட்டிய உலோகத் தண்டை எண்ணெயில் நிறுத்தி, அதில் எவ்வளவு படிகிறது, எவ்வளவு இறுகுகிறது என்று பார்க்கும் சோதனையும் வேண்டும்.

மற்றக் குறைகளும் சிறியவை அல்ல. மெழுகு முழுக்கக் கரைந்திருக்கும் சூட்டிலேயே ரசாயனத்தைச் செலுத்தவேண்டும். படிகம் உருவான பிறகு சேர்த்தால் பெரும்பகுதி வீண். ரசாயனம் சேர்த்த எண்ணெயை வழியில் அரைகுறையாக மீண்டும் சூடாக்கினாலும் பலன் கெடும்: ஒரு பகுதி மெழுகு மட்டும் கரைந்து, மறுபடி குளிரும்போது தன் பழைய வடிவத்துக்கே திரும்புகிறது. ஒரு வயலுக்குப் பொருந்தும் பாலிமர் பக்கத்து வயலுக்குப் பொருந்தாது, ஏனென்றால் மெழுகின் மூலக்கூறு நீளமும், அஸ்பால்டீன் எனப்படும் கனமான மூலக்கூறுகளின் அளவும் வேறுபடும். இரு வயல்களின் எண்ணெயைக் கலந்து அனுப்பும் குழாயில் கலவை விகிதம் மாறினால் சோதனையைப் புதிதாகச் செய்யவேண்டியிருக்கும். இந்தப் பாலிமர்கள் பொதுவாக சைலீன், டொலுவீன் போன்ற கரைப்பான்களில் வருகின்றன. அக்கரைப்பான்கள் தீப்பற்றக்கூடியவை, தொழிலாளர் மூச்சுக்குக் கேடானவை. கடுங்குளிரில் ரசாயனமே தொட்டியில் உறைவதுண்டு.

குழாய் எதிர்பாராமல் நின்றுவிடும் ஆபத்து அதிகமுள்ள, பருவத்துக்குப் பருவம் மண்வெப்பம் மாறும் நீண்ட தரைவழிக் குழாய்களுக்கு இம்முறை மிகப் பொருத்தமானது. கடலடியில், சுவர் எப்போதும் குளிர்ந்தே இருக்கும் இடத்தில், வெப்பக்காப்பும் முறையாக ஓட்டப்படும் பிக்கும் இல்லாமல் ரசாயனத்தை மட்டும் நம்பக்கூடாது. அங்கே அதன் பங்கு படிவின் வேகத்தைக் குறைத்து, இரு பிக் ஓட்டங்களுக்கு இடைப்பட்ட காலத்தை நீட்டுவதே.