அழுதாத்தான் தலித்தா? ‘கருக்கு’க்குள் இருக்கும் சிரிப்பு

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கல்லூரிப் பாடமாகிவிட்டது. 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குப் போய், கிராஸ்வேர்ட் பரிசும் வாங்கியாச்சு. ஆனாலும் இந்தப் புத்தகத்தைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் கையில் இன்னமும் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது: வலி. தலித் எழுதினால் வலி. தலித் பெண் எழுதினால் இரட்டை வலி. படித்து முடித்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டால் வாசகரின் கடமை முடிந்தது. அழுகிற தலித்தை இந்தச் சமூகம் சகித்துக்கொள்ளும். சிரிக்கிற தலித்தைப் பார்த்தால்தான் அதற்குக் குழப்பம் வருகிறது. ‘கருக்கு’வில் சிரிப்பு நிறைய இருக்கிறது. அதை ஏன் நாமும் பார்க்காமல் தாண்டிப் போகிறோம்?

இதற்கு நேர் எதிரான வாசிப்பும் ஒன்று உண்டு. தன்னம்பிக்கைப் புத்தகக்காரர்களின் வாசிப்பு. வாழ்க்கையில் எதிர்பாராத மாற்றம் வந்தால் கையை விரித்து வரவேற்க வேண்டுமாம். பழசு உடைந்தால்தான் படைப்புக்கும் சந்தோஷத்துக்கும் இடம் கிடைக்குமாம். பாமா மடத்தை விட்டு வெளியே வந்தார், எழுத்தாளர் ஆனார், எல்லாம் நல்லதுக்குத்தானே என்று முடித்துவிடுவார்கள். ஊரில் நிலமும் பேங்கில் பணமும் உள்ளவனுக்கு வேலை போனால் அது வாழ்க்கையில் ஒரு திருப்பம். நமக்கு வேலை போனால் நாளைக்கு உலை வைப்பது எப்படி என்கிற கேள்வி. இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்கக் கூடாது.

நடந்தது என்ன? விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில், பறையர் தெருவில் பிறந்த ஒரு பெண் படித்து ஆசிரியை ஆகிறார். நம்ம பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாம் என்று நம்பி, கையில் இருந்த வேலையை விட்டுவிட்டுக் கன்னியர் மடத்தில் சேருகிறார். அங்கேயும் சாதி இருக்கிறது. ஏழைகளுக்காக என்று வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டு வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குப் பணிவிடை நடக்கிறது. ஏழு வருஷம் கழித்து வெளியே வருகிறார். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. வேலை கிடையாது. தனிப் பெண். சாகும்வரை இதுதான் என்று தேர்ந்துகொண்ட வாழ்க்கை பாதியில் நின்றுவிட்டது. புத்தகத்தின் கடைசிப் பகுதிகளைப் படித்தால் தெரியும், அங்கே வெற்றிக் களிப்பு எதுவும் இல்லை. பயம் இருக்கிறது, இனி என்ன செய்ய என்கிற திகைப்பு இருக்கிறது. பொய்யான இடத்தில் இருக்க முடியாது என்கிற முடிவு மட்டும் உறுதியாக இருக்கிறது. அந்த முடிவுக்கு அவர் கொடுத்த விலையை மறைத்துவிட்டு ‘மாற்றத்தை ஏற்றுக்கொண்டார்’ என்று சொல்வது மோசடி.

இப்படி எல்லாம் போன நிலையில் எழுத உட்காருகிறவர் முதலில் எதை எழுதுகிறார் என்று பார்க்க வேண்டும். மடத்தை அல்ல, ஊரை. மலை, கண்மாய், தெரு, ஒவ்வொரு ஆளுக்கும் ஊர் வைத்த பட்டப்பெயர். பட்டப்பெயர்களைச் சொல்லச் சொல்ல அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை என்பது தெரிகிறது. பிறகு விளையாட்டுகள். பிள்ளைகள் ஒரு பக்கம் நாயக்கராகவும் இன்னொரு பக்கம் பண்ணையாளாகவும் நடித்து விளையாடுகிறார்கள். கல்லறைத் தகராறில் போலீஸ் தெருவுக்குள் புகுந்தபோது ஆம்பளைகள் ஓடி ஒளிகிறார்கள், பொம்பளைகள் தெருவைக் காக்கிறார்கள். செத்துப்போன மகன் முகத்தைப் பார்க்க ஒரு தகப்பன் சேலை கட்டிக்கொண்டு வருகிறான். இதை அழுகை என்பதா, வேடிக்கை என்பதா? நம் தெருவில் இரண்டும் ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

எல்லாரும் எடுத்துச் சொல்லுகிற இடம் அந்தப் பலகாரப் பொட்டலம். ஒரு பெரியவர் பொட்டலத்தில் கை படாமல், கட்டியிருக்கிற கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நாயக்கரிடம் போகிறார். மூணாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு அடக்க முடியாத சிரிப்பு. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. தீட்டு என்றால் என்ன என்று சொல்லிக் கொடுக்கிறார். சிரிப்பு செத்துக் கோபம் பிறந்த இடம் இது என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள். கோபம் பிறந்தது உண்மை. ஆனால் வளர்ந்து, எல்லாம் தெரிந்த பிறகு எழுதுகிற பாமா அந்தச் சிறுமியின் சிரிப்பை அடித்துவிடவில்லை. நாமும் முதலில் சிரிக்கிறோம், பிறகுதான் தொண்டையில் மாட்டுகிறது. யோசித்துப் பார்த்தால் அந்தப் பிள்ளை சிரித்ததில் தப்பே இல்லை. ஒரு மனுசன் தொட்டால் பலகாரம் கெட்டுப்போகும் என்கிற ஏற்பாடு கேலிக்கூத்துதான். சாதி பயப்பட வேண்டிய ஒன்று என்று யாரும் சொல்லிக்கொடுக்கும் முன்னாலேயே அது பைத்தியக்காரத்தனம் என்று அவள் கண்டுகொண்டாள். அந்தப் பெரியவரைப் பார்த்து வந்த சிரிப்பு நாயக்கரைப் பார்த்துத் திரும்ப வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பின்னால் அது திரும்பியும் விட்டது. ‘சங்கதி’யில் (1994) பொம்பளைகளின் பேச்சிலும் பாட்டிலும் சண்டையிலும் அதைக் கேட்கலாம். ‘கிசும்புக்காரன்’ தொகுப்பில் (1996) ‘அண்ணாச்சி’ என்றொரு கதை. ஓர் இளைஞன் நிலக்காரரை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட்டுவிடுகிறான். ஒரு முறைச்சொல்லுக்கே ஊரின் மரியாதைக் கட்டுமானம் ஆடுகிறது.

மொழியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மடத்தில் இருந்தது ஜெபத்தின் மொழி, கீழ்ப்படிதலின் மொழி. அங்கே இருந்து வெளியே வந்ததும் பாமாவுக்குக் கை கொடுத்தது தெருப் பேச்சு. தமிழ் எம்.ஏ. வகுப்பில் எங்களுக்கு ‘இழிசனர் வழக்கு’ என்று சொல்லித் தந்த பேச்சு. அதில்தான் அவருக்கு மூச்சு விட முடிந்தது. ‘கருக்கு’ தடுக்கி விழுகிற இடங்களும் உண்டு. கதையை நிறுத்திவிட்டு, விடுதலை வரும், விழித்தெழ வேண்டும் என்று பேசத் தொடங்கும் போதெல்லாம் தெருப் பேச்சு மங்கி, கோயில் பிரசங்கத்தின் ராகம் வந்துவிடுகிறது. மடத்தை விட்டு வந்தாலும் மடத்தின் குரல் லேசில் விட்டுப் போவதில்லை. அவர் சிரிக்கிற பக்கங்களில்தான் அந்தக் குரல் முழுசாக வாயடைத்துப்போகிறது.

சரி, இந்த எழுத்துக்கு இடம் எங்கே இருந்து வந்தது? வாழ்க்கை உடைந்ததனால் மட்டும் வரவில்லை. உடைந்துபோன எல்லாரும் எழுதிவிடுவதில்லை. எழுது என்று சொல்ல ஆள் இருந்தது. 1991 அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எழுந்த பேச்சும் இயக்கமும் இருந்தன. மொழியைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் நடுவில், மதுரையில் சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையம் அதை அச்சிட்டது. சொந்த ஊரே முதலில் கோபப்பட்டது, தங்களை அவமானப்படுத்திவிட்டதாக. சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. படித்த இளைஞர்கள் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டிய பிறகே ஊர் அதைத் தன் புத்தகமாக ஏற்றுக்கொண்டது. ஆக, ஒரு பெண் வெளியே வந்து நின்ற வெட்டவெளியை எழுதும் இடமாக ஆக்கியதில் பல பேர் கை இருக்கிறது. இன்றைக்கும் மில்லை விட்டு, விடுதியை விட்டு, கட்டின வீட்டை விட்டு எத்தனையோ நம் பெண்கள் வெளியே வந்து நிற்கிறார்கள். தைரியமாய் இரு என்று சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். ஒரு வேளைச் சோறும் ஒரு நோட்டும் கொடுத்து ‘எழுதும்மா’ என்று சொல்ல எத்தனை பேர் இருக்கிறோம்?

தோழர்களுக்கு, குறிப்பாகச் சாட்சியம் கேட்டு வாங்கி அச்சிடும் நமக்கு, ஒன்று சொல்ல வேண்டும். உனக்கு என்ன கொடுமை நடந்தது என்று மட்டும் கேட்டால் கொடுமை மட்டும்தான் பதிலாக வரும். சின்ன வயசில் என்ன விளையாடினாய், யாருக்கு என்ன பட்டப்பெயர் வைத்தாய், எதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாய் என்றும் கேட்க வேண்டும். சொல்லுகிறவர் நடுவில் சிரித்தால் அந்தச் சிரிப்பையும் வெட்டாமல் அச்சில் ஏற்ற வேண்டும்.